கப்பல் பட்டியலில் அகப்படாத பூட்டன்

12 பிப்ரவரி 2022

என் தாத்தாவின் தந்தை, அதாவது என் பூட்டனார், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போய்த் திரும்பியவர் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவர் தாது வருடப் பஞ்சத்தில் கப்பலேறினார் என்பதும், தாத்தா அங்கே பிறந்தவர் என்பதும், ஊர் திரும்பும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார் என்பதும் எங்கள் கதையின் மூன்று தூண்கள். தகரப் பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது. பூட்டியின், அதாவது தாத்தாவுடைய தாயின், பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

மதராசிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மதராசில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு எழுதி வைத்தவர்கள் என் பூட்டனை மட்டும் விட்டிருக்க முடியாது. ஆனால் 1876 முதல் 1879 வரையுள்ள பட்டியல்களை இரண்டு முறை பார்த்துவிட்டேன், அவர் இல்லை. வீட்டுக் கதையே பொய்யோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதே வழியில் தேடியவர்கள் யாராவது இருந்தால், நான் எங்கே தவறினேன் என்று சொல்ல வேண்டும்.

14 பிப்ரவரி 2022

பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் முழுப்பெயரை எழுத விரும்பவில்லை. 'சாமி' என்று முடியும் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஓர் அடையாளமே அல்ல என்பது எனக்கும் தெரியும். தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள் இந்திய ஆண்கள் எல்லாரையும் இளக்காரமாகச் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள் என்றால், அந்தப் பட்டியலில் எத்தனை சாமிகள் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஊர் பழைய வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா.

20 பிப்ரவரி 2022

வயதைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்கப்பட்ட பிறகுதான் கணக்கிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பூட்டனார் எழுபது வயது நிறைந்து 1936இல் இறந்தார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை, ஏனென்றால் அந்தக் கருமாதியின் செலவுக் கணக்கு எங்களிடம் இருக்கிறது. அப்படியானால் அவர் பிறந்தது 1866 வாக்கில். தாது வருடம் 1876. பத்து வயதுப் பையன் தனியாக ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறியிருக்க முடியாது. பெற்றோரோடு போயிருந்தால் அவர்களைப் பற்றி ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கும். இன்னொரு பக்கம், தாத்தாவின் ஜாதகத்தில் விஜய வருடம் என்று இருக்கிறது, அது 1893–94. (காந்தி டர்பனில் வந்து இறங்கியதும் 1893இல்தான். ஒரே வருடத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் நேட்டாலுக்கு வந்தார்கள் என்று தாத்தா சொல்லாத நாளில்லை.) எனவே 1876 என்பது தலைகீழாக நின்றாலும் பொருந்தவில்லை. நான் இரண்டு மாதம் வீணடித்தது தவறான மூன்று ஆண்டுகளில்.

வீட்டுக் கதைகளில் வரும் 'பஞ்சம்' என்ற சொல்லை ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது படுகிறது. நம் பக்கத்தில் எந்தத் துயரம் நடந்தாலும் அதைத் தாது வருடத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள்.

5 மார்ச் 2022

எழுத்துக்கூட்டல் பற்றி இங்கே வந்த ஆலோசனைகளுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

ஊரில் ஆள்பிடிப்பவர் ஒருவர் பெயரைக் கேட்கிறார். கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைக்கும் மதராஸ் டிப்போவில் ஒரு குமாஸ்தா அதை ஆங்கிலத்தில் எழுதுகிறார். டர்பனில் இன்னொருவர் பார்த்துப் படியெடுக்கிறார். நூறு ஆண்டு கழித்து வேறொருவர் அதைக் கணினியில் ஏற்றுகிறார். நாலு காதும் நாலு கையும் கடந்து வரும் பெயரில் மிஞ்சுவது எலும்புக்கூடுதான். நான் உயிரெழுத்துகளை மறந்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துத் தேடத் தொடங்கியிருக்கிறேன். முத்துசாமி என்ற பெயர் மூட்டூசாமி, முட்டுச்சாமி, மூதசாமி என்று எப்படி மாறினாலும் ம, த அல்லது ட, ச, ம என்ற வரிசை மாறாது. 'சாமி'யைத் தனிச்சொல்லாகப் பிரித்து எழுதிய குமாஸ்தாக்களும் உண்டு. அப்போது தேட வேண்டிய பெயர் முன்பாதி மட்டுமே.

அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களைத் தேடுவோருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற ஒன்றை அங்கே கேட்டார்கள். நம்மவர்களிடம் அது இல்லை. அண்ணன் தந்தையின் பெயரைச் சொன்னார், தம்பி சாதிப் பட்டத்தைச் சொன்னார். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயர்களோடு ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும் எல்லாருக்கும் தெரிந்தவை. என் பூட்டனார் திரும்பி வந்துவிட்டதால் இந்தச் சிக்கலிலிருந்து நான் தப்பினேன்.

27 மார்ச் 2022

நல்ல செய்தி. தகரப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றிய ஒரே ஓர் ஓலை கிடைத்தது. பூட்டனாரின் பெயர், அவர் தந்தையின் பெயர், இருவர் நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட விவரம், ஆண்டு விரோதி, மாதம் தை. விரோதி என்பது 1889–90. ஆகவே 1890 ஜனவரியில் அவர் ஊரில் இருந்து பாகம் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகே கப்பலேறியிருக்க வேண்டும். 1893இல் மகன் பிறந்திருக்கிறான். தேட வேண்டிய காலம் மூன்றே ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. இன்றிரவு தூக்கமில்லை.

11 ஏப்ரல் 2022

மேலே எழுதியதை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம். 1890 முதல் 1893 வரை பட்டியல்களைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். அவர் இல்லை.

ஒருவர் கேட்ட ஒரு கேள்வி என் ஓலையைக் கவிழ்த்துவிட்டது: "1890இல் பாகப்பிரிவினையை ஏன் ஓலையில் எழுத வேண்டும்?" நியாயமான கேள்வி. அதற்குள் முத்திரைத்தாள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன; பத்திரப் பதிவுச் சட்டமும் 1860களிலேயே வந்துவிட்டது. நிலத்தைப் பங்கு பிரிக்கிறவர்கள் அப்போது காகிதத்தைத்தான் தேடிப் போயிருப்பார்கள். அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரு சுற்றுப் பின்னால் போனால் விரோதி 1829–30 ஆகிறது. அந்தக் காலத்தில் ஓலை இயல்பானது.

ஆனால் 1830 ஜனவரியில் என் பூட்டனார் பிறக்கவே இல்லையே, பெயர் எப்படி வந்தது என்றால், பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கத்தால் வந்தது. பெயரன் என்பதுதான் பேரன் ஆனது என்பார்கள். என் தாத்தாவுக்கு இருப்பது அவருடைய தாத்தாவின் பெயர். என் பூட்டனாருக்கு இருந்தது அவருடைய தாத்தாவின் பெயர். தந்தை மகன் பெயர்கள் இரண்டும் மாறி மாறி வருவதால், 'இன்னார் மகன் இன்னார்' என்ற அதே இணை இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வருகிறது. ஆண்டுப் பெயரும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இரண்டு தலைமுறை என்பதும் ஏறக்குறைய அறுபது ஆண்டுதான். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நின்றபோது நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஓலையில் இருப்பவர் என் பூட்டனாரின் தாத்தா.

12 ஏப்ரல் 2022

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தென்மாவட்டத்தார் எவராவது இதைப் படித்தால், உங்கள் பழைய ஆவணங்களில் ஆண்டுப் பெயரோடு கொல்லம் ஆண்டும் இருக்கக்கூடும். அதோடு 825ஐக் கூட்டினால் ஓராண்டு முன்பின்னாகக் காலம் கிடைத்துவிடும். அந்தப் பாக்கியம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இல்லை.

19 ஜூன் 2022

இரண்டு மாதமாக எழுதவில்லை. ஊருக்குப் போய் வந்தேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தை அளந்து வரி வகுத்து எழுதப்பட்ட செட்டில்மென்ட் பதிவேட்டில் எங்கள் கிராமத்துப் பக்கங்களைப் பார்க்க முடிந்தது. பார்ப்பதற்கு முன் ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் காத்திருந்ததையும், நான்காம் நாள் 'அந்தப் புத்தகம் இங்கே இல்லை' என்றவரே ஐந்தாம் நாள் அதைத் தம் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் விரித்துச் சொல்ல மனமில்லை. எங்கள் முன்னோர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. 1830இல் பங்கு பிரிக்கும் அளவுக்கு நிலம் வைத்திருந்தவர்கள், செட்டில்மென்ட் நடந்தபோது ஒரு குழிக்குக்கூடப் பட்டாதாரராக இல்லை.

முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பேருந்தில் திரும்பி வரும்போதுதான், இல்லாமையே ஒரு பதில் என்று தோன்றியது. பட்டா இல்லாதவருக்கு நிலப் பதிவேட்டில் இடமில்லை. கப்பலேறியவர்களில் மிகப் பலர் அப்படிப்பட்டவர்கள்தான். ஊரில் ஒரு தாளிலும் பெயர் ஏறாத மனிதரைப் பற்றி உயரம், தழும்பு வரைக்கும் எழுதி வைத்த ஒரே ஆவணம் அந்தக் கப்பல் பட்டியலாக இருக்கலாம். நடுவில் நிலம் எப்படிப் போனது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் இடையில் இருக்கிறது. பஞ்சத்தில் போனது பூட்டனார் அல்லர், நிலம்தான் என்று இப்போதைக்கு நம்புகிறேன். இது ஊகம் மட்டுமே.

ஊரில் வேறொரு பொருளும் கிடைத்தது. 1916இல் நடந்த தாத்தாவின் கல்யாணத்து மொய் நோட்டு. அத்தை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். மொத்தம் 84 வரிகள். பாதிக்கு மேல் ஊர்ப் பெயரோடு இருக்கின்றன. வம்சம் தேடுகிறவர்கள் அரசாங்க ஏடுகளைத் தேடிப் போவதற்கு முன் வீட்டு மொய் நோட்டையும், கருமாதிப் பத்திரிகைகளையும், குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டையும் பார்த்துவிட வேண்டும். யார் யாருக்கு எந்த முறை என்பது அவற்றில் இருப்பதுபோல எந்த அரசாங்க ஏட்டிலும் இருக்காது.

முதல் வரி மட்டும் புரியவில்லை. 'பல மனோ மாமன், வேட்டி, ரூ.5' என்று படித்தோம். அத்தைக்கும் மனோ என்று ஒரு மாமனைத் தெரியவில்லை. 1916இல் மனோ என்று ஒருவர் இருந்திருந்தால் அவர் காலத்துக்கு முந்திப் பிறந்தவர்தான்.

7 ஆகஸ்ட் 2022

விரோதி ஆண்டு என்ற வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 1880 தொடங்கி ஒவ்வோர் ஆண்டாகப் பார்த்து வந்தேன். இரண்டு பேர் நிற்கிறார்கள்.

முதலாமவர் 1884இல் போனவர். வயது 18. பெயர் பொருந்துகிறது, தந்தை பெயரும் பொருந்துகிறது, தாலுகா போளூர். கிராமத்தின் பெயர் மட்டும் எந்த மொழியிலும் சேராத ஏதோ ஒன்றாக இருக்கிறது. இரண்டாமவர் 1882இல் போனவர். வயது 20. பெயர் பொருந்துகிறது, கிராமம் எங்கள் கிராமமேதான், ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. தந்தை பெயர் வேறு.

தந்தை பெயரா, கிராமமா, எதை நம்புவது? குமாஸ்தா தந்தை பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம். கிராமப் பெயரையும் தவறாக எழுதியிருக்கலாம். முதலாமவருக்கு அங்க அடையாளம் 'இடது புருவத்தில் தழும்பு' என்று இருக்கிறது. அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, "பூட்டனாருக்குப் புருவத்தில் தழும்பு இருந்ததாகச் சொல்வார்களா?" என்று கேட்டேன். "ஆமாம், இருந்தது என்றுதான் அப்பா சொல்வார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1884 என்று முடிவு செய்கிறேன்.

9 ஆகஸ்ட் 2022

முடிவைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது. நான் அத்தையிடம் கேட்டது கேள்வியே இல்லை. விடையைக் கையில் கொடுத்துவிட்டு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். 'அவர் முகத்தில் ஏதாவது அடையாளம் இருந்ததா' என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். 86 வயது அத்தை மருமகனின் மனம் கோணாமல் 'ஆமாம்' என்றார். இனி அவரிடமிருந்து அந்தத் தழும்பைப் பற்றிக் கிடைக்கும் எந்தச் செய்தியும் சான்றாகாது. கிணற்றில் நானே சாயத்தைக் கலந்துவிட்டேன். முதியவர்களிடம் விசாரிக்கப் போகும் யாரும் என்னைப்போல் செய்ய வேண்டாம்.

14 ஆகஸ்ட் 2022

இரண்டில் எதுவானாலும், அவர் ஏன் திரும்பினார் என்பது விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தாத்தாவின் இரண்டாம் வயதில், அதாவது 1895இல், ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதே 1895இல்தான் நேட்டால் அரசு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. வரிக்கு அஞ்சியே கிளம்பியிருக்கிறார்.

16 ஆகஸ்ட் 2022

மீண்டும் தவறு. டர்பனிலிருந்து எழுதும் நண்பர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அந்தச் சட்டம் அது நடப்புக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்களையே கட்டுப்படுத்தியது. 1880களில் வந்த ஒருவரை அது தொடவில்லை. ஆனால் ஐந்தாண்டு ஒப்பந்தமும் அதற்குப் பின் ஐந்தாண்டும் ஆகப் பத்தாண்டு அங்கே கழித்தவருக்கு இலவசமாகத் திரும்பும் உரிமை இருந்தது. 1884இல் போனவருக்குப் பத்தாண்டு 1894இல் முடிகிறது. வரி அல்ல, கப்பல் டிக்கெட். எனக்குப் போராட்டக் கதையாக அமைய வேண்டும் என்று ஆசை. அவருக்கோ ஊருக்குப் போக வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இது 1884ஆம் ஆண்டுக்காரருக்குச் சற்று வலுச் சேர்க்கிறது. என்றாலும் தழும்பு விவகாரத்துக்குப் பிறகு நான் எதையும் அறிவிக்கப் போவதில்லை.

3 அக்டோபர் 2022

அங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தைத் தேடும் ஒருவர், தம் கொள்ளுத்தாத்தாவின் திருமணம் 1915இல் பதிவாகியிருப்பதையும், மூத்த மகள் 1898இல் பிறந்திருப்பதையும் காட்டி, அவருக்கு இரண்டாம் தாரம் இருந்ததா என்று கேட்டிருந்தார். அப்படி இருக்க வேண்டியதில்லை. நம் முறைப்படி தாலி கட்டிய திருமணங்கள் பல அங்கே பதிவாகவில்லை. பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த திருமணங்கள் செல்லா என்று கேப் மாகாண நீதிமன்றத்தில் 1913இல் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். அதிலிருந்துதான் பெண்களும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டத்துக்குப் பிறகு பழைய உறவுகளைப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. ஆகவே 1915 என்பது பதிந்த நாளாக இருக்கலாம், தாலி கட்டிய நாளாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியைப் பார்த்தாலும், அது நிகழ்ச்சி நடந்த நாளா எழுதிய நாளா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று ஓலையைப் படித்தவர்கள் கேட்கலாம்.

22 ஜனவரி 2023

டர்பன் நண்பர் காப்பகத்துக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்காகவும் பார்த்து வந்திருக்கிறார். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துப் பிறப்புப் பதிவுகளில், 1893ஆம் ஆண்டில், என் தாத்தாவின் பெயரில் ஓர் ஆண் குழந்தை இருக்கிறது. தந்தைக்கு நேரே அவருடைய குடியேற்ற எண் எழுதியிருக்கிறது. அது 1884ஆம் ஆண்டுக்காரரின் எண்.

ஆக, பூட்டனார் பட்டியலில்தான் இருந்தார். தந்தை பெயர் சரி, கிராமம்தான் குமாஸ்தாவின் கைவண்ணம். தழும்பும் அவருடையதே. ஆனாலும் அத்தையின் 'ஆமாம்' இன்னும் சான்றாகாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பதிவில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. தாயின் எண்.

24 ஜனவரி 2023

இரண்டு நாள் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஓராண்டாக நான் பட்டியலில் ஆண்களை மட்டுமே பார்த்து வந்தேன். பெண்களின் வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். பூட்டி அங்கே பிறந்தவளாக இருப்பாள், அல்லது பூட்டனாரோடு ஊரிலிருந்தே போனவளாக இருப்பாள் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. அவர் 1885இல் வேறொரு கப்பலில், துணையாக யாரும் இல்லாமல், பதினேழு வயதில் போயிருக்கிறார். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், தனியாக வந்த பெண்களையும் டிப்போவில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பதினேழு வயதுப் பெண் எந்த வீட்டிலிருந்து எதற்காக மதராஸ் வரை நடந்தாள் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

நம் ஊர் ஆவணங்களில் பெண் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் வருவாள். பெரும்பாலும் வருவதே இல்லை. கூலிக்கு ஆள் எண்ணிய அந்தப் பட்டியலில் அவருக்குத் தனி வரி, தனி எண், தன் பெயர், தன் தந்தையின் பெயர், நாலடி பதினோரு அங்குல உயரம். எங்கள் குடும்பத்தில் 1885க்கு முன் பிறந்த பெண்களில் பெயர் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

ஜில்லா வட ஆற்காடு, தாலுகா பலமனேர்.

29 ஜனவரி 2023

இன்று ஆந்திராவில் இருக்கும் பலமனேர் எப்படி வட ஆற்காடு ஆகும் என்று கேட்டவர்களுக்கு: சித்தூர் மாவட்டம் 1911இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் சித்தூர், சந்திரகிரி, பலமனேர் எல்லாம் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர்தான். பிறகு 1989இல் மீதியும் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மூன்றாகியது. பட்டியலில் 'வட ஆற்காடு' என்று கண்டவுடன் இன்றைய படத்தை விரிக்காதீர்கள், நான் விரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டியை 'அவ்வா' என்போம். ஊரில் வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை. தெலுங்குப் பூட்டியிடமிருந்து வந்த சொல் என்று நேற்றே துள்ளிக் குதித்தேன். தமிழ் மட்டுமே பேசும் பல குடும்பங்களிலும் அந்தச் சொல் வழங்குகிறது என்று நால்வர் எழுதிவிட்டீர்கள். சரி, அவ்வாவைச் சான்றுகளிலிருந்து நீக்கிவிட்டேன். மேலும் பலமனேரிலிருந்து வந்தவர் தெலுங்கு பேசினார் என்பதற்கும் என்னிடம் ஆதாரமில்லை. எல்லைப் பகுதி, இரண்டும் பேசுவார்கள்.

அவருடைய சாதிக் கட்டமும் பூட்டனாரின் சாதிக் கட்டமும் வேறு வேறாக இருக்கின்றன. அந்தக் கட்டங்களில் எழுதியவற்றை அப்படியே நம்பக்கூடாது. கப்பலேறும்போது மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, மாற்றி எழுதப்பட்டவர்களும் உண்டு. இருந்தாலும் இதை அத்தையிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு மறந்துபோச்சுன்னு யாருடா சொன்னா? சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல" என்றார்.

19 பிப்ரவரி 2023

மொய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழைய கையெழுத்துப் பழக்கம் உள்ள ஒருவரிடம் முதல் வரியின் படத்தை அனுப்பியிருந்தேன். அக்காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான், காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று அவர் நினைவூட்டினார். நாங்கள் கால் என்று படித்ததை அவர் ரகரம் என்று படித்தார். 'மனொ' இல்லை, 'மனெர'. புள்ளியும் இரட்டைக் கொம்பும் இட்டு, முன்னால் இருக்கும் 'பல'வையும் சேர்த்தால்:

பலமனேர் மாமன், வேட்டி, ரூ.5.

கல்யாண மொய்யில் முதல் வரி மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு உரியது என்பதை எனக்கு நினைவுபடுத்த வேண்டியவர் அத்தை. நினைவுபடுத்தினார். 1916இல், அதாவது பூட்டி கப்பலேறி முப்பத்தோரு ஆண்டு கழித்து, அவருடைய உடன்பிறந்தவர் ஒருவர் பலமனேரிலிருந்து போளூர் தாலுகாவுக்கு வந்து, பந்தலில் முதல் ஆளாக உட்கார்ந்து, வேட்டியும் ஐந்து ரூபாயும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

26 பிப்ரவரி 2023

ஒரு திருத்தம். மொய் நோட்டில் 84 வரிகள் என்று ஜூன் மாதம் எழுதியிருந்தேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள்களை அத்தை ஆவி காட்டிப் பிரித்தார், மொத்தம் 91. புதிதாகக் கிடைத்த ஏழு வரிகளில் இரண்டில் பலமனேர் இருக்கிறது.

பட்டியலில் பூட்டியின் ஊராக இருக்கும் பெயரில் பலமனேர் பக்கத்தில் மூன்று சிற்றூர்கள் இருக்கின்றன. மழைக்கு முன் போய் வரலாம் என்றிருக்கிறேன். அந்தப் பகுதியில் குலதெய்வக் கோயில் வரி நோட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தெலுங்கில் இருந்தாலும் படித்துச் சொல்ல ஆள் பிடித்துவிட்டேன்.

தலைப்பை மாற்ற முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.